எட்டு மைல் சாலைக்கு இப்பால் – 14: வாடகைக்கு வந்த நிறுவனம்

டெட்ராய்ட் நகரின் ஹட்சன் கடை தரைமட்டமானதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். உட்வர்ட் அவென்யூவில் 410 அடி உயரத்துக்கு நின்ற அந்தக் கட்டடத்தை 1998 அக்டோபர் 24 அன்று வெடிவைத்துச் சரித்தார்கள். பிறகு அந்த மனைக்கு அடியில் கார் நிறுத்துமிடம் ஒன்று கட்டினார்கள். நம் ஊரில் இன்னொரு மாடி எடுக்கும் ஆசையில் மொட்டைமாடியில் கம்பிகளை நீட்டி விட்டுவைப்பார்களே, அதுபோல என்றாவது ஒரு கட்டடம் எழும்பும் என்று இரும்புத் தூண்களைத் தரைக்கு மேலே நீட்டி விட்டிருந்தார்கள். வருஷங்கள் போயின. கட்டடம் வரவில்லை.

1950-இல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் 2000-இல் 9.5 லட்சமாகச் சுருங்கிய கதையை இதுவரை பார்த்தோம். குடியிருப்புகளைக் கிழித்துக்கொண்டு போன நெடுஞ்சாலைகள், வெள்ளையருக்கு மட்டும் தாராளமாகக் கிடைத்த புறநகர் வீட்டுக் கடன்கள், 43 பேர் உயிரிழந்த 1967 ஜூலைக் கலவரம், கார் ஆலைகளின் வெளியேற்றம் என்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. ஹட்சன் நிறுவனமே 1954-இல் நகர எல்லைக்கு வெளியே, சவுத்ஃபீல்டில், நார்த்லேண்ட் என்ற பிரம்மாண்டமான வணிக வளாகத்தைத் திறந்து தன் வாடிக்கையாளர்களைத் தானே வெளியே அழைத்துக்கொண்டு போனதையும் பார்த்தோம். டவுன்டவுனைக் காலி செய்தவர்களில் டவுன்டவுனின் மிகப் பெரிய கடைக்காரரும் ஒருவர் என்பதை இந்த வாரம் முழுக்க நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஏனென்றால் இந்த வாரம் ஒரு நிறுவனம் எதிர்த்திசையில் வருகிறது.

அறிவிப்பும் அதன்பின் வந்த புயலும்

2007 நவம்பரில் குவிக்கன் லோன்ஸ் என்ற வீட்டுக் கடன் நிறுவனம் தன் தலைமையகத்தைப் புறநகரிலிருந்து டெட்ராய்ட் நகர மையத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. அதன் தலைவர் டான் கில்பர்ட் 1962-இல் டெட்ராய்டில் பிறந்து சவுத்ஃபீல்டில் வளர்ந்தவர். 1985-இல் ராக் ஃபைனான்ஷியல் என்ற பெயரில் தொழிலைத் தொடங்கினார். 1999-இல் அதை இன்ட்யூட் நிறுவனத்துக்கு 50 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பங்குகளுக்கு விற்றார். 2002-இல் வெறும் 6.4 கோடி டாலருக்குத் திரும்ப வாங்கினார். விற்ற விலையையும் வாங்கிய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த மனிதரின் குணம் பாதி புரிந்துவிடும். விலை அடிமட்டத்துக்கு வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவர். இந்த வாரக் கதையின் திருப்பமும் அந்தக் குணத்தில்தான் இருக்கிறது.

அறிவிப்பின் சாரம் இதுதான்: லிவோனியா முதலான புறநகர்களில் வாடகை அலுவலகங்களில் இருக்கும் சில ஆயிரம் ஊழியர்கள் ஒரே கூரையின் கீழ் வருவார்கள், அதற்காகப் புதிய கட்டடம் எழும். எங்கே? இரண்டு காலி மனைகள் பேசப்பட்டன. ஒன்று, இடிக்கப்பட்ட ஸ்டாட்லர் ஹோட்டல் இருந்த இடம். மற்றது, அதே ஹட்சன் மனை. கடைக்காரர் விட்டுப்போன இடத்தில் கடன்காரர் குடியேறுவார் என்று செய்தித்தாள்கள் மகிழ்ந்தன. மேயர் குவாமே கில்பாட்ரிக்கின் ஆட்சிக்கு அதைவிட நல்ல செய்தி நெடுநாளாக வாய்த்திருக்கவில்லை.

அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் இரண்டு மாதம். 2008 ஜனவரியில் மேயரின் குறுஞ்செய்திகள் பத்திரிகையில் வெளியாகி ஊழல் வெடித்தது. செப்டம்பரில் அவர் பதவி விலகினார். அதே செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. 2009 ஏப்ரலில் கிரைஸ்லர் மஞ்சள் கடிதாசி கொடுத்தது. ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்தது. நகரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. உலகப் பொருளாதாரத்தைக் கவிழ்த்ததே வீட்டுக் கடன்தான் என்ற நிலையில், ஒரு வீட்டுக் கடன் நிறுவனம் தன் இடமாற்றத் திட்டத்தை ஓசையில்லாமல் கைவிட்டிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். வங்கிக் கடன் வாங்கி வானளாவிய கட்டடம் எழுப்பும் காலம் அது இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2009: கட்டுவதா, குடியேறுவதா?

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். கில்பர்ட் திட்டத்தைக் கைவிடவில்லை. அதன் வடிவத்தை மாற்றினார். சொந்தக் கட்டடம் இப்போதைக்கு இல்லை, முதலில் 1,700 பேர் வாடகைக்குக் குடியேறுவது என்று 2009-இல் முடிவானது. அன்றைக்கு அது பின்வாங்கலாகத்தான் தெரிந்தது. தலைமையகம் வரும் என்றார்களே, கடைசியில் சில மாடிகளை வாடகைக்கு எடுப்பதோடு முடிந்ததா என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் நகர மையத்தின் விதியை மாற்றியது 2007-இன் பெரிய அறிவிப்பைவிட 2009-இன் இந்தச் சிறிய முடிவுதான் என்பது என் கணிப்பு. சொந்தக் கட்டடம் கட்டியிருந்தால் அவருடைய பணமும் கவனமும் நான்கைந்து வருஷம் ஒரே மனையில் முடங்கியிருக்கும். பிறகு எழுந்திருப்பதும், ஊழியர்கள் காரில் உள்ளே நுழைந்து காரிலேயே வெளியேறும் இன்னொரு கோட்டையாகத்தான் இருந்திருக்கும். வாடகைக்கு வந்ததால் பணம் கையில் நின்றது. கண்ணும் சுற்றியிருந்த தெருவின்மேல் விழுந்தது.

வாடகைக்கு இடம் எப்படிக் கிடைத்தது என்பதும் முக்கியம். பீட்டர் கார்மனோஸ் நிறுவிய கம்பியூவேர் என்ற மென்பொருள் நிறுவனம் 2003-இல் ஃபார்மிங்டன் ஹில்ஸ் புறநகரிலிருந்து ஏறக்குறைய 4,000 ஊழியர்களோடு நகர மையத்துக்கு வந்தது. வந்த கொஞ்ச காலத்திலேயே அது சுருங்கத் தொடங்கிவிட்டது. பிரம்மாண்டமான கட்டடத்தில் மாடி மாடியாகக் காலி. தோற்றுப்போன ஓர் இடமாற்றம் விட்டுவைத்த வெற்றிடத்தில்தான் அடுத்த இடமாற்றம் வந்து அமர்ந்தது.

2010 ஆகஸ்டில் ஊழியர்கள் வரத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய மாதம் கில்பர்ட்டின் பெயர் அமெரிக்கா முழுக்க அடிபட்டது வேறு காரணத்துக்காக. அவருடைய கிளீவ்லாந்து கூடைப்பந்து அணியை விட்டு லெப்ரான் ஜேம்ஸ் மயாமிக்குப் போய்விட, குழந்தைகள் புத்தகத்தில் வருவது மாதிரியான எழுத்துருவில் கோபக் கடிதம் ஒன்றை இணையத்தில் போட்டு ஊரார் சிரிப்புக்கு ஆளாகியிருந்தார். ஓர் ஊரை விட்டு ஆள் போவதைத் துரோகம் என்று எழுதிய கை, மறுமாதமே லிவோனியாவிலிருந்து 1,700 பேரைக் கிளப்பிக்கொண்டு வந்தது.

வந்தவர்கள் கண்ட காட்சியை மனதில் வரைந்துகொள்வோம். எதிரே கேம்பஸ் மார்ஷியஸ் பூங்கா. நகரின் மைல் கணக்குச் சாலைகள் எல்லாம் தூரம் அளக்கத் தொடங்கும் புள்ளி அதற்குள்தான் இருக்கிறது. எட்டு மைல் சாலை என்ற பெயரும் அந்தக் கணக்கில் வந்ததுதான். 2004-இல் திறந்த பூங்கா. நடுவே நீரூற்று, பனிக்காலத்தில் சறுக்கு வளையம். கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு ஹார்ட் ராக் கஃபே, ஒரு பார்டர்ஸ் புத்தகக் கடை. அங்கிருந்து உட்வர்ட் அவென்யூவில் கொஞ்ச தூரம் நடந்தால் பலகை அடித்து மூடிய கடைமுகப்புகள். அவற்றுக்கு நடுவே ஹட்சன் மனையின் இரும்புத் தூண்கள். புறநகரில் கார் நிறுத்தத்துக்கும் மேசைக்கும் நடுவே ஐம்பது அடி மட்டுமே நடந்து பழகியவர்களுக்கு, மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போனால் திரும்பும் வழியில் என்ன இருக்கிறது என்பதே கேள்வியாகிவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு பார்டர்ஸ் நிறுவனமும் நாடு முழுக்கக் கடையைக் கட்டிக்கொண்டு போனது.

முன்பு வந்தவர்கள் ஏன் தோற்றார்கள்?

அலுவலகம் வந்தால் நகர மையம் தானாக உயிர்பெறும் என்றால், டெட்ராய்ட் 1977-லேயே உயிர்பெற்றிருக்க வேண்டும். அந்த ஆண்டுதான் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு முன்னின்று கட்டிய ரினைசான்ஸ் சென்டர் ஆற்றங்கரையில் திறந்தது. நடுவே 73 மாடி ஹோட்டல், சுற்றி நான்கு அலுவலகக் கோபுரங்கள், செலவு 30 கோடி டாலருக்கு மேல். கட்டடக் கலைஞர் ஜான் போர்ட்மேன் அதை உள்ளே கடை, உள்ளே உணவகம், உள்ளே நடைபாதை என்று தன்னிறைவான உலகமாக வரைந்தார். நகரை நோக்கிய பக்கத்தில், ஜெஃபர்சன் அவென்யூ ஓரமாக, இரண்டு மாடி உயரத்துக்கு மதில்போன்ற மேடுகள் இருந்தன. உள்ளே வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு வெளியே வரத் தேவையே இருக்கவில்லை. நகரின் மற்ற கட்டடங்களில் வாடகைக்கு இருந்தவர்களையும் அது உறிஞ்சிக்கொண்டதால் பழைய கோபுரங்கள் மேலும் காலியாயின. ஹட்சன் கடை மூடியது அது திறந்த ஆறாவது ஆண்டில், 1983 ஜனவரியில்.

1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் கட்டடத் தொகுதி முழுவதையும் சுமார் 7 கோடி டாலருக்கு, அதாவது அடிமாட்டு விலைக்கு, வாங்கித் தன் தலைமையகத்தை மாற்றியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது வந்தது புறநகரிலிருந்து அல்ல; நகரத்துக்குள்ளேயே ஐந்து கிலோமீட்டர் சொச்சத் தொலைவில் நியூ சென்டர் பகுதியில் இருந்த, ஆல்பர்ட் கான் வடிவமைத்த தன் பழைய தலைமையகத்திலிருந்து. ஒரு பகுதியின் லாபம் இன்னொரு பகுதியின் நஷ்டமாகக் கணக்கில் ஏறியது. அந்த மதில்மேடுகளை ஜெனரல் மோட்டார்ஸ் பின்னாளில் இடித்து நீக்கியது என்பதைப் பாராட்டாகச் சொல்லவேண்டும். எனினும் ஆண்டுக்காண்டு ஆள்குறைப்பு செய்துகொண்டிருந்த நிறுவனத்தால் தெருவை நிரப்ப முடியவில்லை. கம்பியூவேர் கதையும் ஏறக்குறைய இதுதான். தரைத்தளத்தைத் தெருவுக்குத் திறந்துவைத்தது, பூங்காவைப் பார்த்து நின்றது என்று முந்தைய இரண்டு தவறுகளை அது திருத்திக்கொண்டது. ஆனால் அதுவும் சுருங்கும் நிறுவனம்.

இந்த மூன்றையும் 2010-ஐயும் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகிறது. முதலாவது, வந்த நிறுவனம் வளர்ந்துகொண்டிருந்தது. திருப்பித் தர வழியில்லாதவர்களுக்கு அள்ளிக்கொடுக்கும் கடன் வகையில் குவிக்கன் அதிகம் சிக்கவில்லை. 2008-க்குப் பின் பெரிய வங்கிகள் வீட்டுக் கடனிலிருந்து ஒதுங்க, வட்டி வீதமும் தரைதட்ட, பழைய கடனை அடைத்துக் குறைந்த வட்டிக்குப் புதுக்கடன் வாங்குவோர் கூட்டம் அதன் வாசலில் நின்றது. 1,700 பேர் மூன்றே ஆண்டுகளில் பல ஆயிரங்களாகப் பெருகினார்கள். இரண்டாவது, அந்த வளர்ச்சிக்கு வேண்டிய இடத்தை ஒரே கோட்டைக்குள் தேடாமல் தெருவில் வரிசையாகத் தேடினார்கள். வீட்டுக் கடன் தவணை கட்ட முடியாமல் ஆயிரக்கணக்கான வீடுகள் ஜப்தியாகிக்கொண்டிருந்த நகரத்தில், வீட்டுக் கடனின் லாபம்தான் கோபுரங்களை வாங்கியது என்பது இந்த வரலாற்றின் கசப்பான முரண்.

2011: ஒவ்வொன்றாக

2011 ஜனவரியில் கில்பர்ட் வாங்கியது மேடிசன் தியேட்டர் கட்டடம். பிறகு சேஸ் கோபுரம். பிறகு சிகாகோ புகழ் டேனியல் பர்னம் வடிவமைத்து 1912-இல் எழுந்த 23 மாடி டைம் கட்டடம். பிறகு ஃபர்ஸ்ட் நேஷனல் கட்டடம். இவை எல்லாம் ஒரே ஆண்டுக்குள். 2013 தொடக்கத்தில், நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தை வரைந்த மினோரு யமசாகியின் கைவண்ணமான ஒன் உட்வர்ட் அவென்யூ. பெட்ராக் என்ற பெயரில் இதற்கென்றே தனி நிறுவனம் நடந்தது. சில ஆண்டுகளில் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. இன்று அதேபோல் ஒன்றைக் கட்ட ஆகும் செலவில் சிறு பங்குதான் இவற்றின் விலை. வாங்க ஆளில்லாத பொருளுக்கு வேறென்ன விலை கிடைக்கும்? அதற்கு முந்தைய முப்பதாண்டுகளில் இப்படிப்பட்ட கட்டடங்களுக்குக் கிடைத்த கதி இடிபட்டுக் கார் நிறுத்துமிடமாவதுதான்.

ஒரு முதலாளி ஒரு கட்டடம் வாங்கினால் பக்கத்துத் தெரு இருட்டாக இருப்பது அவருக்கு எரிச்சல், அவ்வளவுதான். அந்தத் தெருவின் இரு பக்கமும் அவருடையதாகிவிட்டால் இருட்டு அவருடைய நஷ்டம். தரைத்தளக் கடைகளுக்கு வாடகையைக் குறைத்தாவது ஆள் பிடிப்பது, பூங்காவில் மதிய நேரத்தில் நாற்காலி மேசை போடுவது, தெருவைப் பெருக்குவது, காவலாட்கள் வைப்பது எல்லாம் தர்மகாரியமாக இல்லாமல் சொத்துப் பராமரிப்பாக நடந்தது இதனால்தான். 2011-இல் குவிக்கன், கம்பியூவேர், டிடிஇ எனர்ஜி, புளூ கிராஸ் உள்ளிட்ட ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து இன்னொரு படி எடுத்தன. நகர மையத்தில் வீடு வாங்கும் ஊழியருக்கு 20,000 டாலர் வரை கடன். சில ஆண்டுகள் அங்கேயே குடியிருந்தால் திருப்பித் தரவேண்டியதில்லை. ஐந்து மணிக்குக் காரேறிப் போகிறவர் இரவிலும் இருந்தால்தான் மளிகைக் கடைக்கு வியாபாரம் என்று கணக்குப் போட்டார்கள். புளூ கிராஸ் சவுத்ஃபீல்டிலிருந்து 3,000 ஊழியர்களை ரினைசான்ஸ் சென்டருக்கு மாற்றியதும் இந்தக் கட்டத்தில்தான்.

எதிர்வாதங்கள்

இதில் வளர்ச்சி எங்கே இருக்கிறது, லிவோனியாவிலும் சவுத்ஃபீல்டிலும் இருந்த நாற்காலிகளை டெட்ராய்டில் போட்டால் வட்டாரத்துக்கு என்ன லாபம் என்பது பொருளாதார அறிஞர்கள் எழுப்பும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. வட்டாரக் கணக்கில் பெரிய லாபம் இல்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நகரத்தின் வருமானம் பெருகியதே என்று பதில் சொல்வார்கள். அதையும் எண்ணிப் பார்க்கலாம். டெட்ராய்ட் தன் குடிமக்களிடம் அன்று சுமார் இரண்டரை சதவீத வருமான வரி வாங்கியது. வெளியூரிலிருந்து வந்து வேலை செய்பவரிடம் அதில் பாதி. 1,700 பேரும் வெளியே குடியிருந்து தலைக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் சம்பாதித்தார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நகரத்துக்குக் கிடைப்பது பத்து லட்சம் டாலர் சொச்சம். ஆயிரம் கோடிகளில் கடன் வைத்திருந்த நகரத்துக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி. வரவழைக்கக் கொடுத்த மாநில வரிச்சலுகைகளைக் கழித்துப் பார்த்தால் இன்னும் மெலியும். எனவே வரிக்காக இடமாற்றத்தை ஆதரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ‘வெறும் இடமாற்றம்’ என்று தள்ளுவதிலும் ஒரு சாய்வு இருக்கிறது. 1950-களில் கடைகளும் ஆலைகளும் வெளியே போனபோது அதை யாரும் வெறும் இடமாற்றம் என்று சொல்லவில்லை, முன்னேற்றம் என்றார்கள். அந்த வெளியேற்றத்துக்கு நெடுஞ்சாலை போட்டது பொதுப்பணம், கடனுக்கு உத்தரவாதம் கொடுத்ததும் பொதுப்பணம். 18.5 லட்சம் பேருக்காகப் புதைத்த சாக்கடைக் குழாய்களும் போட்ட சாலைகளும் நகரத்தில் கிடக்க, அவற்றைப் பராமரிக்கும் செலவை மிஞ்சிய ஏழு லட்சம் பேர் சுமந்தார்கள். புறநகர்களோ புதிதாகக் குழாய் புதைத்தன. நாற்காலிகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பது வட்டாரக் கூட்டலில் தெரியாது. யார் எந்தச் சுமையைச் சுமக்கிறார்கள் என்பதில் தெரியும்.

களம் தயாராகத்தானே இருந்தது, கில்பர்ட் அறுவடைக்கு வந்தார் என்று சொல்பவர்களும் உண்டு. லிட்டில் சீசர்ஸ் பீட்சா நிறுவனத்தின் இலிச் குடும்பம் 1980-களின் இறுதியிலேயே ஃபாக்ஸ் தியேட்டரைப் புதுப்பித்துத் தன் தலைமையகத்தை அங்கே கொண்டுவந்தது. 2000-இலும் 2002-இலும் இரண்டு விளையாட்டரங்குகள் வந்தன. பூங்கா வந்தது. உண்மை, இதை முழுவதுமாக ஏற்கிறேன். கம்பியூவேர் 2003-இல் வந்து சுருங்காமல் இருந்திருந்தால் 1,700 பேருக்கு மேசை போட இடமே கிடைத்திருக்காது. இதில் எதுவும் என் வாதத்தைக் குறைக்கவில்லை; அவ்வளவும் இருந்தும் 2010 வரை உட்வர்ட் அவென்யூவில் பலகைகள் கழற்றப்படவில்லை என்பதுதான் விளக்கப்பட வேண்டிய விஷயம்.

என் வாதத்துக்கு நிஜமான சவால் லாஸ் வேகஸிலிருந்து வருகிறது. அங்கே ஸாப்போஸ் காலணி நிறுவனத்தின் டோனி ஷே 2013-இல் தன் அலுவலகத்தைப் புறநகரிலிருந்து பழைய மாநகராட்சிக் கட்டடத்துக்கு மாற்றினார். சுற்றுவட்டார மனைகளையும் சிறு தொழில்களையும் வளர்க்க 35 கோடி டாலர் ஒதுக்கினார். அதாவது அவரும் தெருவை வாங்கினார். பலன் கலவையாகத்தான் இருந்தது. பல கடைகள் மூடின, திட்டமும் சில ஆண்டுகளில் சுருதி இறங்கியது. தெருவை வாங்குவது மட்டும் போதும் என்றால் அங்கேயும் பலித்திருக்க வேண்டும். வேறுபாடு ஊழியர் எண்ணிக்கையில் இருப்பதாகப் படுகிறது. ஸாப்போஸ் கொண்டுவந்தது சுமார் 1,500 பேர், அது பெருகவில்லை. டெட்ராய்டில் வாங்கிய ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் போட்டு நிரப்ப அதே முதலாளியிடம் ஆட்கள் இருந்தார்கள். அவர்களைக் காட்டி வெளி நிறுவனங்களையும் வாடகைக்குப் பிடிக்க முடிந்தது. வளரும் சம்பளப் பட்டியலும் விழுந்த மனை விலையும் ஒரே கையில் ஒரே நேரத்தில் சேர்ந்தது தற்செயல். இதைப் பார்த்து மற்ற நகரங்கள் எழுதிக்கொள்ள ஒரு சூத்திரம் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் அந்தத் தற்செயலை மறந்துவிடுகிறார்கள்.

கடைசி எதிர்வாதத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, ஏனென்றால் அது பெரும்பாலும் சரி. விரிந்த கணக்கில் பார்த்தாலும் நகர மையமும் அதை ஒட்டிய பகுதிகளும் 7.2 சதுர மைல்; நகரம் 139 சதுர மைல். அந்த ஏழில் தெருவெங்கும் கேமரா பொருத்தி, இரவும் பகலும் திரைகளைக் கண்காணிக்கும் தனியார் கட்டுப்பாட்டு அறை இயங்கியது. மீதியில், 2013-இல் அரசு தரப்பே வெளியிட்ட கணக்குப்படி, தெருவிளக்குகளில் நாற்பது சதவீதம் எரியவில்லை. போலீஸை அழைத்தால் வந்துசேரச் சராசரியாக 58 நிமிடம். மையத்துக்குள்ளேயும் எல்லோருக்கும் இடமிருக்கவில்லை. கிரிஸ்வால்ட் தெரு 1214-ஆம் எண் கட்டடத்தில் அரசு வாடகை உதவியோடு குடியிருந்த முதியவர்கள் 2013-இல் காலி செய்யும் அறிவிப்பைப் பெற்றார்கள். அந்தக் கட்டடம் புதுப் பெயரோடு, புது வாடகையோடு திறந்தது. இதைச் செய்தவர் கில்பர்ட் அல்ல. ஆனால் அந்த முகவரிக்கு அந்த வாடகை கேட்கலாம் என்ற நிலையை உருவாக்கியதில் 1,700 பேரின் வருகைக்குப் பங்குண்டு. அன்று எண்பது சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவர் வாழ்ந்த நகரத்தில், புதிதாகத் திறந்த காபிக் கடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வேறு முகங்கள். நகர மையம் மீண்டது என்று எழுதலாம். நகரம் மீண்டது என்று அன்று யாராவது எழுதியிருந்தால் அது பொய்.

2013 மார்ச்

அந்த மார்ச் மாதத்தில் மூன்று காரியங்கள் நடந்தன.

மார்ச் 11 அன்று, முன்னாள் மேயர் கில்பாட்ரிக் ஊழல் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது. மார்ச் 14 அன்று, மிஷிகன் ஆளுநர் ரிக் ஸ்னைடர், கெவின் ஆர் என்ற வழக்கறிஞரை டெட்ராய்டின் அவசரகால நிர்வாகியாக நியமித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் மன்றமும் பெயருக்கு இருக்க, கையெழுத்துப் போடும் அதிகாரம் ஓட்டுக் கேட்டு வராத ஒருவரிடம் போனது. அதே மாத இறுதியில் கில்பர்ட் தரப்பு நகர மையத்துக்கான தன் கனவுத் திட்டத்தை வண்ணப் படங்களோடு வெளியிட்டது: பூங்காக்கள், நடைபாதை உணவகங்கள், சந்தைகள், தெருவோரக் கடைகள். நகரத்தின் கஜானாவுக்கு ஒருவர் பொறுப்பேற்க, அதன் தெருக்களுக்கு இன்னொருவர் வரைபடம் போட்டார். இருவரையும் டெட்ராய்ட் வாக்காளர் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆர் கணக்கேடுகளைத் திறந்தார். ஜூன் 14 அன்று கடன்காரர்களைக் கூட்டி, முழுத் தொகையும் கிடைக்காது என்று சொன்னார். ஜூலை 18 அன்று நகரமே மஞ்சள் கடிதாசி கொடுத்தது. தொகை சுமார் 1,800 கோடி டாலர். அமெரிக்க வரலாற்றில் அதுவரை எந்த மாநகராட்சியும் அவ்வளவு பெரிய தொகைக்குத் திவாலானதில்லை. கடன் கொடுத்தவர்கள் வரிசையில் வங்கிகளும் பத்திரக் காப்பீட்டு நிறுவனங்களும் இருந்தன. ஆயுள் முழுக்கக் குப்பை அள்ளி, தீயணைத்து, பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற இருபதாயிரம் பேருக்கும் மேற்பட்டோரும் இருந்தார்கள். நகரத்திடம் விற்கத்தக்கதாக என்ன இருக்கிறது என்று கடன்காரர்கள் தேடினார்கள். உட்வர்ட் அவென்யூவிலேயே, கேம்பஸ் மார்ஷியஸ் பூங்காவிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில், நகரத்துக்குச் சொந்தமான கலைக்கூடம் இருந்தது. உள்ளே வான்கோவின் சுயசித்திரம் ஒன்று, டியாகோ ரிவேரா நான்கு சுவர்களிலும் தீட்டிய ஆலைத் தொழிலாளர் ஓவியங்கள், இன்னும் ஆயிரக்கணக்கில். மதிப்புப் போட கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தார் வந்து இறங்கினார்கள்.

கோபுரங்கள் விலைக்குப் போன தெருவில் இப்போது ஓவியங்களுக்கு விலை பேசப்பட்டது. ஓய்வூதியத்தை வெட்டுவதா, வான்கோவை விற்பதா? இரண்டும் வேண்டாம் என்றால் யாராவது பணம் போடவேண்டும். அடிமாட்டு விலையில் அந்தத் தெருவை வாங்கியவர்களும், வரிச்சலுகையோடு அங்கே குடியேறிய நிறுவனங்களும் அந்த ‘யாராவது’ பட்டியலில் இருந்தார்களா?

*(அடுத்த வாரம்)*